பாஸ் மீனுக்குப் பொய்யிரைத் தேர்வு

பொய்யிரை என்பது மரம், நெகிழி, உலோகம் போன்றவற்றால் இரை உயிரின் சாயலில் செய்து, தூண்டில் முள் பொருத்திய போலி. வட அமெரிக்க நன்னீர்களில் வாழும் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் மீன்களைப் பிடிப்பவர்கள், அந்தந்த நீரில் பாஸ் எதைத் தின்கிறது என்று பார்த்தே பொய்யிரையை எடுக்கிறார்கள். இரையின் அளவு, அது நிற்கும் ஆழம், அதன் அசைவு ஆகிய மூன்றும் பொருந்தினால் பெரும்பாலும் போதும். நிறம் அதற்குப் பிறகுதான், கடைகளில் அதிகம் விற்பது நிறம்தான் என்றாலும். பாஸ் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும். கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்தறியத் தடுமாறும்.

அமெரிக்கத் தென்மாநில நீர்த்தேக்கங்களில் பாஸின் முதன்மை இரை ஷாட் எனப்படும் வெள்ளி நிறக் கூட்டமீன். இதில் திரெட்ஃபின் ஷாட் என்னும் சிறு வகை குளிர் தாங்காது. நீரின் வெப்பம் ஏறக்குறைய 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கூட்டங்கூட்டமாகச் சாகும். சாகும் மீன் சற்றே துடிக்கும், பிறகு நீரின் நடுவில் அசையாமல் நிற்கும். மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் ஜெர்க்பெய்ட் இதைத்தான் நடிக்கிறது. அதை இரண்டு சுண்டு சுண்டிவிட்டுப் பல நொடிகள் அப்படியே விட வேண்டும்; இங்கே பொறுமை இழப்பவருக்கு மீன் கிடைப்பது அரிது. வசந்த காலத்தில் ஷாட் விடியற்காலையில் கரையோரம் முட்டையிட வரும்போது, சுழலும் தகடு கொண்ட வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் எடுபடும். இலையுதிர் காலத்தில் அவை ஓடைகள் கலக்கும் கிளைகளுக்குள் நுழையும், தூண்டில்காரர்களும் பின்தொடர்வார்கள். கிசார்ட் ஷாட் 30 செ.மீ.க்கும் மேல் வளர்வது. அது மிகுந்த நீரில் பெரிய பொய்யிரை தேவைப்படும்.

பாறையும் சரளையும் உள்ள நீரில் சிங்கி இறாலின் சிற்றுருவம் போன்ற கிரேஃபிஷ் முக்கியம். அபாயம் கண்டால் வாலை மடித்தடித்துப் பின்னோக்கிப் பாயும். தரையைத் தட்டித் துள்ளும் ஈயத்தலை ஜிக் அந்தப் பாய்ச்சலைக் காட்டும். டெக்சாஸின் சாம் ரேபர்ன் நீர்த்தேக்கத்தில் வசந்தத் தொடக்கத்தில் சிவப்பு நிறக் கிலுகிலுப்பைப் பொய்யிரையை நீர்ப்பாசியில் சிக்கவைத்துப் பிடுங்கி இழுப்பது வழக்கம். கிரேஃபிஷ் அப்போது சிவக்கிறது என்பதுதான் சொல்லப்படும் காரணம். ஆனால் அதன் நிறம் இனம், இடம், சட்டை உரிக்கும் பருவம் என எல்லாவற்றாலும் மாறும்.

புளூகில் தட்டையான, வட்ட உடல் மீன். கோடையில் கரையோர மணலில் பக்கம்பக்கமாகக் கூடு கட்டும். பாஸ் அருகிலேயே சுற்றும். அகன்ற உடல் பொய்யிரை இங்கே ஏற்றது. 1960இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ புளூகில்லை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். பின்னர் அது பிவா ஏரியிலும் பெருகியது. அந்த ஏரியில் 2009 ஜூலை 2 அன்று மனாபு குரிட்டா பிடித்த 10.12 கிலோ பெருவாய் பாஸ், 1932ஆம் ஆண்டு ஜார்ஜியாவில் பதிவான உலகச் சாதனையைச் சமன் செய்தது. அவர் பயன்படுத்தியது பொய்யிரை அல்ல, உயிருள்ள புளூகில்.

வடக்கே பேரேரிகளில் இரை மாறியதும் தூண்டிலும் மாறிற்று. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் பாலாஸ்ட் நீரில் வந்த கருங்கடல்–காஸ்பியன் பகுதி உருண்டைக் கோபி 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் காணப்பட்டது. காற்றுப்பை இல்லாத இம்மீன் தரையோடு ஒட்டியே வாழும். சிறுவாய் பாஸ் இதைத் தின்று கொழுக்கிறது. பழுப்பு நிறக் குழல் வடிவ மென்நெகிழி இரையைத் தரையை விட்டு எழுப்பாமல் இழுப்பதே அங்கு வழி. கலிஃபோர்னியாவிலோ மீன்வளத் துறை ஏரிகளில் விடும் ரெயின்போ ட்ரவுட் பாஸுக்கு விருந்து. நீந்தும் மீனைப் போலச் செய்த, 20 செ.மீ.க்கும் நீண்ட ஸ்விம்பெய்ட்கள் அங்கே பிறந்ததன் காரணம் இதுவே.

கலங்கல் நீரில் நுட்பமான ஒப்புமை வீண். அதிர்வை உணரும் பக்கக்கோட்டு உறுப்பைக் கொண்டு பாஸ் இரையைத் தேடுவதால், நீரைக் கலக்கும் சுழல்தகடும், கறுத்த உருவமும் உதவும்.

எதையும் துல்லியமாக ஒத்திராமல் வெல்பவையும் உண்டு. 1949இல் ஒஹையோவின் ஆக்ரனில் நிக் க்ரீம் தம் வீட்டுச் சமையலறையில் வார்த்த நெகிழிப் புழு அத்தகையது. மண்புழு பாஸின் அன்றாட இரையல்ல. ஆயினும் தென்மாநில ஏரிகளில் இந்த நெகிழிப் புழு இன்றுவரை மீனைக் கொண்டுவருகிறது.