பகுதி இரண்டு: தருமபுரிக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாறு

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய பகுப்பைப் பின்பற்றி, பகுதி ஒன்று தமிழ் அல்லது பிற மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என இன்றளவும் அமைந்துள்ளது. இவற்றுள் பகுதி இரண்டு ஒரு மொழிப்பாடம் என்ற அளவிலேயே எண்ணப்பட்டு வந்தாலும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர் மிகுந்த தருமபுரி போன்ற மாவட்டத்தில், மாணவர் பட்டத்தோடு வெளியேறுவாரா, ஆங்கில அரியரோடு வெளியேறுவாரா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்தது அதுவே.

இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே தருமபுரியோடு தொடர்புடைய ஒருவர் நிற்கிறார். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் தங்கி நிலவரித் தீர்வைப் பணியாற்றிய தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராகி, 1822இல் மாகாணமெங்கும் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அக்கணக்கு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டியது. அதன் அடிப்படையில் தாலுகாதோறும் பள்ளிகள் அமைக்க 1826இல் அவர் வகுத்த திட்டம் மக்கள் மொழியில் கல்வி பரவுவதற்கு இடமளித்தது. மறு ஆண்டே அவர் இறந்ததோடு 1830களில் கம்பெனியின் கொள்கையும் ஆங்கில உயர்கல்வியின் பக்கம் திரும்பியதால், அப்பள்ளிகள் நிலைக்கவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது கல்லூரிக் கல்வி என்பதே ஆங்கிலவழிக் கல்வியாக இருந்தது. அக்கல்வியை நாடியோர் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூரில் பள்ளிப்படிப்பையும் பெங்களூரில் கல்லூரிப் படிப்பையும் தொடர்ந்த இராஜாஜி அதற்குச் சான்று.

சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 1965 அக்டோபர் 2ஆம் நாள். இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டம் தமிழகத்தை உலுக்கிய ஆண்டும் அதுவே. அப்போராட்டத்தின் விளைவாக 1968 சனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றபோது, ஆங்கிலம் உலகோடு தொடர்பு கொள்ளும் மொழியாக உறுதிபெற்றது. மறுபுறம், 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் சோதனையாகத் தொடங்கிய தமிழ்வழிப் பட்டப்படிப்பு மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் பரவத் தொடங்கியது. ஏறத்தாழ இதே காலத்தில் உருவான தருமபுரி அரசு கலைக் கல்லூரி இவ்விரு போக்குகளுக்கும் நடுவே வளர்ந்தது. பள்ளி முழுவதும் தமிழில் படித்தவர், புகுமுக வகுப்பு எனப்பட்ட பி.யு.சி.யின் ஒரே ஆண்டில் பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்தில் எதிர்கொண்டார். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்து பி.யு.சி. மறைந்தபோது அந்த ஓராண்டுப் பயிற்சிக்களமும் உடன் மறைந்தது. அதற்கு மாற்றாக எதுவும் திட்டமிடப்படவில்லை என்பது அச்சீர்திருத்தத்தின் பெருங்குறை. தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாகக் கொண்டோரும் வாழும் இந்த எல்லைப்புற மாவட்டத்தில், ஆங்கிலம் பலருக்கு மூன்றாம் மொழி என்பதும் எவராலும் கருதப்படவில்லை.

பகுதி இரண்டின் உள்ளடக்கமோ நெடுங்காலம் மாறவேயில்லை. உரைநடைத் தொகுப்பு, செய்யுள், ஓரங்க நாடகம், சுருக்கப்பட்ட நாவல், இலக்கணப் பயிற்சி என்ற வரிசை, ஆங்கில இலக்கிய மாணவருக்கு உரிய பாடத்தைச் சுருக்கி எல்லோருக்கும் வழங்கிய ஏற்பாடாகும். வேதியியல் மாணவருக்குத் தேவைப்பட்டது ஆய்வக அறிக்கையைப் படிக்கவும் எழுதவும் வல்ல மொழி. வரலாற்று மாணவருக்கு ஒரு நூலின் வாதத்தைப் பின்தொடர்ந்து, சுருக்கி, மறுத்து எழுதும் திறன். வணிகவியல் மாணவருக்கு அட்டவணையையும் வரைபடத்தையும் சொற்களில் விளக்கும் பழக்கம். ஒரு துறையின் அறிவைப் பெறுவதற்கும் வெளியிடுவதற்கும் வேண்டிய இவ்வகை மொழித்திறனையே கல்விசார் ஆங்கிலம் என்று மொழியியலார் அழைக்கின்றனர். அது கற்பிக்கப்படாத இடத்தைக் கைடுகள் நிரப்பின. மனப்பாடம் செய்த கட்டுரை தேர்வில் மதிப்பெண் தந்தது, ஆனால் நூலகத்தில் உள்ள நூலைத் திறக்கும் துணிவைத் தரவில்லை.

மாற்றுவழி அருகிலேயே சோதிக்கப்பட்டது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் நடத்திய திட்டம், இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், வரைபடம் பார்த்து வழி கூறுவது, கால அட்டவணையிலிருந்து விடை காண்பது போன்ற பணிகளின் ஊடே மொழி படியுமாறு செய்தது. உலக மொழிக்கல்வியில் பணிவழிக் கற்பித்தல் என வளர்ந்த நெறிக்கு அது முன்னோடி. தருமபுரிக்கு இருபுறமும் நிகழ்ந்த இச்சோதனை அரசுக் கல்லூரி வகுப்பறைகளின் பாடத்திட்டத்தைத் தொடவில்லை. 1978 முதல் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தம் பாடத்தைத் தாமே வகுத்துக்கொள்ள முடிந்தது. பல்கலைக்கழகத்தோடு இணைவுற்ற கல்லூரிக்கோ அவ்வுரிமை இல்லை.

1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்து தருமபுரிக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தபின்பும் பகுப்பு மாறவில்லை. உண்மையான திருப்பம் 2020–21இல் நேர்ந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், கலை மற்றும் சமூக அறிவியல், வணிகம் மற்றும் மேலாண்மை, உயிர் அறிவியல், இயற்பியல் அறிவியல் என நான்கு பிரிவுகளாகப் ‘புரொபஷனல் இங்கிலிஷ்’ என்னும் முதலாண்டுப் பாடத்தை வகுத்து, மாணவரின் துறைக்கேற்ற பகுதிகளைக் கொண்டே படிக்கவும் கேட்கவும் பேசவும் எழுதவும் பயிற்றும் நூல்களை வெளியிட்டது. அரை நூற்றாண்டுக் குறையை நேராகத் தொட்ட முயற்சி இதுவே. ஆயினும் அது பகுதி இரண்டை மாற்றியமைக்காமல் அதனோடு கூட்டப்பட்ட பாடமாக வந்தது. கொரோனாவால் வகுப்பறைகள் மூடிய ஆண்டில், உரையாடலை உயிராகக் கொண்ட பாடம் கைப்பேசித் திரைக்குள் நுழைய நேர்ந்தது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களின் மாணவருக்கு இணைய வகுப்பு எளிதாகக் கிட்டும் ஒன்றாக இல்லை.

2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருக்க, 68.54 விழுக்காட்டோடு கடைசியில் நின்ற இம்மாவட்டத்தில், அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் ஆகிய ஊர்களில் இன்று அரசுக் கல்லூரிகள் நடைபெறுகின்றன. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் கல்லூரி மாணவரின் ஆங்கிலத் திறனைக் கருத்திற் கொண்டுள்ளது. ஆனால் அதன் நோக்கு வேலைவாய்ப்பு. நூலைப் படித்து அறிவு பெறும் ஆங்கிலம் இன்னும் பகுதி இரண்டின் பொறுப்பிலேயே இருக்கிறது. அப்பகுதியின் பாடத்தை வகுக்கும் பாடத்திட்டக் குழுவில் ஆங்கில ஆசிரியர்கள் அமர்கின்றனர்; அம்மொழியில் எழுதப்பட்ட நூல்களை நாள்தோறும் தமிழில் விளக்கி நடத்தும் வேதியியல், வரலாறு, வணிகவியல் ஆசிரியர்களுக்கு அதில் இருக்கை இல்லை.