உபயோகத்தில் இல்லாத எண்

தொலைபேசி அழைப்புகள் எல்லாம் இணைப்புப் பலகையின் முன் அமர்ந்திருந்த பெண் ஆபரேட்டர்களின் கைவழியாகவே சென்ற காலத்தில், அமெரிக்காவின் சிறிய ஊர்களில் ஒரு சந்தாதாரர் வீடு மாறியதையோ இணைப்பைக் கைவிட்டதையோ அழைப்பவருக்குத் தெரிவிப்பது எளிதாகவே இருந்தது. ஆபரேட்டருக்கு அது தெரிந்திருந்தது, கேட்டவருக்கு அவர் சொன்னார். 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் ஸ்ட்ரோஜர் என்பவர் உருவாக்கிய, ஆபரேட்டர் இல்லாமல் இயங்கும் தானியங்கி இணைப்பகம் இயங்கத் தொடங்கி, நெடுங்காலம் தயங்கிய பெல் தொலைபேசி நிறுவனமும் 1919இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் டயல் முறையை ஏற்ற பிறகு இந்நிலை மாறியது. சுழற்றப்பட்ட எண்ணுக்கு உரிய கம்பியைத் தேடிச் செல்லும் இயந்திரத்துக்கு, அக்கம்பியின் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது.

இந்தக் குறையைப் போக்க அமைந்ததே இடைமறிப்பு, அதாவது பயனில் இல்லாத எண்ணுக்கு வரும் அழைப்பை வழியில் நிறுத்தி வேறிடத்துக்குத் திருப்பும் ஏற்பாடு. ஓர் இணைப்பு துண்டிக்கப்பட்டதும் இணைப்பகத் தொழிலாளர் அந்த எண்ணுக்குரிய முனையை இடைமறிப்புத் தடத்தோடு சேர்த்துக் கட்டுவார். அதன்பின் அந்த எண்ணைச் சுழற்றுவோர் அதற்கென்றே அமர்த்தப்பட்ட ஓர் ஆபரேட்டரைச் சென்றடைவர். அழைப்பு எந்த எண்ணிலிருந்து திரும்பி வந்தது என்று அவருக்குக் காட்ட இயந்திரத்தால் இயலாததால், எந்த எண்ணை அழைத்தீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவ்வப்போது திருத்தப்படும் பட்டியலைப் பார்த்து, புதிய எண்ணையோ இணைப்பு இல்லை என்ற செய்தியையோ அவர் சொன்னார். இந்த உரையாடலுக்குக் கட்டணம் இல்லை. எதிர்முனை அழைப்பை ஏற்றது என்பதற்கான மின்குறிப்பை இடைமறிப்புத் தடம் அனுப்பாததால் கணக்கு ஓடத் தொடங்காது. பொதுத் தொலைபேசியில் போட்ட காசும் திரும்பி விழுந்துவிடும். பிறருடைய இடமாற்றத்துக்காக அழைப்பவர் பணம் இழக்கலாகாது என்ற நேர்மை கம்பியின் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது தொலைபேசி வரலாற்றில் போற்றத்தக்க செய்தி.

1970களில் பெல் நிறுவனம் இப்பணியின் பெரும்பகுதியைக் கணினிக்கு மாற்றியது. அழைக்கப்பட்ட எண்ணை இணைப்பகமே கணினிக்குத் தெரிவிக்க, கணினி தன் பதிவேட்டில் தேடி, முன்கூட்டியே பதிந்த சொற்களையும் இலக்கங்களையும் கோத்து அறிவிப்பை அந்த நொடியிலேயே உருவாக்கியது. அட்லாண்டாவைச் சேர்ந்த ஜேன் பார்பி என்ற பெண்மணியின் குரல் இத்தகைய அறிவிப்புகள் வழியே நாடு முழுவதும் பழகிய குரலாயிற்று. கோத்த எண் மனிதர் சொல்வதுபோல் இயல்பாக ஒலிக்க வேண்டுமென்று ஒரே இலக்கம் வெவ்வேறு ஏற்ற இறக்கங்களில் பதிவு செய்யப்பட்டது. அறிவிப்பு முடிந்தும் காத்திருந்தவர்களுக்கு ஆபரேட்டரே வந்து உதவினார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அறிவிப்புக்கு முன் ஒலிக்கும், படிப்படியாக உயரும் மூன்று ஒலிகள் (950, 1400, 1800 ஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் ஒரு நொடியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு) உலகப் பொதுத் தரமாக வகுக்கப்பட்டவை. மொழி அறியாதவருக்கும் இயந்திரங்களுக்கும் அழைப்பு நிறைவேறவில்லை என்பதை அவை உணர்த்துகின்றன. விற்பனை அழைப்புகளால் தொல்லையுற்ற இல்லத்தார், 2000களின் தொடக்கத்தில், அவற்றின் முதல் ஒலியை எழுப்பும் கருவியைத் தொலைபேசியில் பொருத்தி, தங்கள் எண் துண்டிக்கப்பட்டதென்று விற்பனை நிறுவனத்தின் தானியங்கி டயல் இயந்திரம் கருதும்படி செய்தனர்.

துண்டித்த எண்ணை அடுத்தவருக்கு வழங்குமுன் சும்மா வைத்திருக்கும் இடைவெளியே இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி. பழையவரைத் தேடும் அழைப்புகள் ஓயும்வரை எண்ணை ஒதுக்கி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஆயினும் தொலைநகலும் கைப்பேசியும் பெருகிய 1990களில் எண்கள் போதாமற்போகவே, அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2000ஆம் ஆண்டில் இந்த இடைவெளிக்கு உச்சவரம்பு விதித்தது: வீட்டு எண்ணுக்கு 90 நாள், வணிக எண்ணுக்கு 365 நாள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 3.5 கோடி எண்கள் கைவிடப்பட்டு மறுவழங்கலுக்கு வருவதாகக் கணித்த அதே ஆணையம், 2018இல் எதிர்த்திசையில் நடந்து, எந்த எண்ணும் குறைந்தது 45 நாளாவது ஒதுங்கியிருக்க வேண்டும் என்றது. எண் எப்போது நிலையாகத் துண்டிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, அது கைமாறியிருக்கக்கூடுமா என்பதை அழைப்போர் சரிபார்க்கும் தரவுத்தளம் 2021 நவம்பரில் செயலுக்கு வந்தது. முன்பு அழைப்பவருக்கு உதவவே அமைந்த ஏற்பாடு, இப்போது முன்பின் அறியாதவர்களின் அழைப்புகளிலிருந்து புதிய சந்தாதாரரைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று.

வங்கிக் கணக்கும் செய்திச் செயலியும் கைப்பேசி எண்ணோடு பிணைந்துவிட்ட இந்தியாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. இங்கே செயலிழந்த எண் 90 நாள்களுக்கு வேறெவருக்கும் வழங்கப்படுவதில்லை. அதன் மறுவழங்கலை எதிர்த்த மனுவை 2023 நவம்பரில் முடித்துவைத்த உச்ச நீதிமன்றம், பழைய எண்ணோடு இணைந்த வாட்ஸப் கணக்கை நீக்குவது போன்ற வழிகளில் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது முந்தைய சந்தாதாரரின் பொறுப்பே என்று கூறியது.