நொய்யல் தண்ணி நம்ம காவிரிக்கு வந்த கதை

மலருக்கு வரலாறு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அக்கா கேட்டபோது, பத்தாவது படிச்ச நான் என்னத்தை எழுத என்றுதான் முதலில் தோணுச்சு. கோயில் வரலாறு எழுத ஸ்ரீரங்கத்தில் ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்குத் தெரிஞ்சது ஒரு தண்ணியோட வரலாறு. அதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது கரூர் மாவட்டத்தில், நொய்யல் ஓடுகிற பக்கம். வாக்கப்பட்டு வந்தது அந்தநல்லூர் ஒன்றியத்துக்கு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியோடு சேருகிறது. அப்புறம் அந்தத் தண்ணி மாயனூர், குளித்தலை வழியா நம்ம முக்கொம்புக்கு வரும். முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று ரெண்டாப் பிரிஞ்சு ஸ்ரீரங்கத்தைச் சுத்திக்கிட்டுப் போகும். அதனால திருப்பூரில் ஆத்துல விட்டது, ஆடிப்பெருக்குக்கு நாம காப்பரிசி வைக்கிற அம்மாமண்டபம் படித்துறைக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

திருப்பூர் பனியன் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பிச்சதும் 1980-களிலிருந்து சாயப்பட்டறைகள் பெருகின. சாயம் துணியில் பிடிக்க உப்புப் போடணும். கைப்பிடி கணக்கு இல்லை, மூட்டைக் கணக்கு. சாயத்தைத் துணி எடுத்துக்கும், உப்பை எடுத்துக்காது. அது அப்படியே கழிவுத் தண்ணியில் வந்துடும். நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டின பிறகும் தொல்லை தீராததுக்குக் காரணம் இதுதான். நிறத்தைக் குறைச்சாங்க, உப்பு உப்பாவே ஆத்துக்கு வந்துச்சு.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஒரு அணை கட்டி முடிச்சாங்க. ஈரோடு, கரூர் மாவட்ட வயலுக்குப் பாசனம் தரத்தான் கட்டினது. சில வருஷத்துலேயே அது சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாப் போச்சு. எல்லா ஊரிலும் விவசாயி அணையைத் திற என்று கேட்பான். எங்க பக்கம் திறக்காதே என்று கேட்டாங்க. திறந்தா வயல் கெடும், திறக்காட்டி அணையைச் சுத்தி உள்ள கிணறு கெடும். எங்க அப்பாயி வீட்டுக் கிணத்துத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தென்னை மட்டை பழுத்துத் தொங்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மாடு வாயை வச்சிட்டுத் தலையைத் திருப்பிக்கும்.

கரூர் வட்டத்து நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் 1996-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி டெல்லி உச்ச நீதிமன்றத்தில் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் பெரிய தீர்ப்பு வந்தது. கெடுத்தவன்தான் காசு கட்டணும், நஷ்டப்பட்டவருக்கும் கொடுக்கணும், கெட்டுப்போன மண்ணையும் சரிசெய்யணும் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது. தோல் ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதத்தை அந்தந்த மாவட்டக் கலெக்டர் ஆபீஸில் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த மாவட்டப் பட்டியலில் நம்ம திருச்சியும் உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தத் தீர்ப்பில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒன்று இருக்கு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறா எண்ணிப் பார்த்திருக்கு. 467 கிணத்தில் 350 கெட்டுப்போயிருந்தது. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணிக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்பதும் அதில் வருகிறது. குடம் சுமந்து நடந்த நடை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியிருக்கு. யாரோ போய் எண்ணி எழுதி வச்சதால்தானே ஏறுச்சு!

அந்தத் தீர்ப்பின்படி நஷ்டத்தைக் கணக்குப் பார்க்க ஒரு ஆணையம் போட்டார்கள். அது நொய்யலுக்கும் வந்தது. 2004 கடைசியில் 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மூணு வருஷ நஷ்டத்துக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. கேட்கப் பெரிசா இருக்கு. நம்ம குழுக் கணக்குப் புத்தகம் எழுதுகிற மாதிரி வகுத்துப் பாருங்க, ஆளுக்கு 9,000 ரூபாய்கூட வராது. வருஷத்துக்கு 3,000. எங்க வீட்டில் அதுவும் இல்லை. பட்டா செத்துப்போன தாத்தா பேரில் இருந்தது. அம்மா ரெண்டு தடவை ஒரு ஆபீஸுக்கு நடந்தாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. வயலில் பாடுபட்டது பூரா அம்மாதான், எந்தக் காகிதத்திலும் அம்மா பேர் இல்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் 2003-இல் போட்ட வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம், வெளியே விடுகிற கழிவுத் தண்ணி லிட்டருக்கு 6 பைசா அபராதம், சில மாசம் போனா 8 பைசா, அப்புறம் 10 பைசா என்று போட்டது. இங்கே எனக்கு ஒரு கருத்து இருக்கு. கூட்டத்துக்கு வராதவங்களுக்குக் குழுவில் 10 ரூபாய் அபராதம் வச்சோம். சிலர் பத்து ரூபாய்தானே என்று கட்டிட்டு வராமலே இருந்தாங்க இல்லையா? அந்தக் கதைதான். 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்று, சொட்டுக் கழிவுகூட வெளியே வரக்கூடாது என்று மூணு மாசம் கெடு கொடுத்தது. கெடு தாண்டியும் தண்ணி வந்துச்சு. 2011 ஜனவரி 28-இல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். கரண்டையும் நிறுத்தச் சொன்னது.

சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனா எங்க சின்னம்மா மகன் அப்போ திருப்பூரில் சாயப்பட்டறையில்தான் வேலை பார்த்தான். மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டான். முதலாளி பண்ணின தப்புக்கு முதல்ல சோறு போனது கூலிக்காரனுக்கு. நம்ம குழுக்களிலும் திருப்பூர் நைட்டி, உள்பாவாடை வாங்கி வித்துக் கடன் அடைச்சவங்க இருக்காங்க. அதனால அந்தத் தொழில் அழியணும் என்று நான் எழுத மாட்டேன். அப்புறம் அரசு வட்டியில்லாமல் 200 கோடி கடன் கொடுத்து, உப்பைப் பிரிச்சு எடுத்துத் தண்ணியைத் திரும்பப் பயன்படுத்துகிற முறைக்கு மாத்தி ஆலைகளைத் திறந்தார்கள். முதலிலேயே செய்திருக்கக் கூடிய வேலைதான்.

போபால் விஷவாயு எல்லாருக்கும் தெரியும், 1984. அங்கே ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்று ரெண்டு பெண்கள். ரஷீதா பீ பீடி சுத்தினவங்க, படிப்பு கிடையாது. கூட வேலை செஞ்ச பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் வச்சு, 1989-இல் போபாலிலிருந்து டெல்லிக்கு நடந்தே போனார்கள். 2004-இல் ரெண்டு பேருக்கும் உலக அளவில் கோல்ட்மேன் விருது கிடைச்சது. அந்தப் பணத்தை வச்சு, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு அறக்கட்டளை நடத்துகிறார்கள்.

போன வருஷம் நம்ம வாய்க்காலில் ரெண்டு நாள் நுரை வந்தப்போ, நான் தேதியும் நேரமும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வச்சேன். ஒரு அக்கா கோலி சோடா பாட்டிலில் தண்ணி பிடிச்சு வச்சிருக்காங்க. யார் விட்டது என்று இன்னும் தெரியலை. நோட்டு என்கிட்டதான் இருக்கு.

எங்க அம்மா ஊர்க் கிணத்துத் தண்ணியில் இப்பவும் பருப்பு வேகாது. போன தையில் போயிருந்தப்போ கேன் தண்ணி வாங்கித்தான் பொங்கல் வச்சோம்.