சாம்பல் வரிகள்: அட்டவணை குறித்து ஒரு குறிப்பு

“என்ன தோழர், பொம்பளைங்க வரி பூரா சாம்பலாவே கெடக்கு?”

திருச்சித் துப்புரவுத் தொழிலாளர் கூலி பற்றி நாங்கள் தயாரித்த அறிக்கையை ‘லேடெக்’கில் கோத்து, ஸ்ரீரங்கத்தில் நண்பர் வீட்டுத் திண்ணையில் மெய்ப்புப் பார்த்தபோது விழுந்த கேள்வி. குடும்பத்துக்கு இரண்டு வரி: மேலே ஆண், கீழே பெண். ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு நிழல் போட ஒரே கட்டளைதான் கொடுத்திருந்தேன். இரட்டைப்படை வரியெல்லாம் சாம்பல், பெண்களெல்லாம் இரட்டைப்படை. கணிப்பொறி நடுநிலையானது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை.

1910இல் சங்கரர் நூல்களை வெளியிட்ட ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் போன்ற ஈய எழுத்து அச்சகங்களில் அட்டவணை வரிகளைப் பிரித்தவை உலோகக் கோடுகளும் வெற்றிடமும்தான். நிழலுக்குத் தாளை இன்னொருமுறை அச்சேற்ற வேண்டும். ஆனால் நிறமில்லாமலேயே அட்டவணை படிநிலையைப் பேசிற்று. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் அடுக்கச் சொன்னார். தம் வரியை மேலேற்றச் சொல்லிச் சாதிச் சங்கங்கள் மனுப் போட்டன. 1936 ஆணையில் ‘அட்டவணைச் சாதிகள்’ பட்டியலானபோதோ, அதே வரி உரிமை கோரும் இடமாயிற்று. அட்டவணை இரண்டுக்கும் உதவும்.

பிறகு கணிப்பொறி அலுவலகங்களில் பச்சைப் பட்டைத் தொடர்தாள் வந்தது. பட்டை தாளிலேயே முன்கூட்டி அச்சாகியிருக்கும்; மேலே என்ன விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. 1978இல் நூத் உருவாக்கிய ‘டெக்’கில் நிறத்துக்கென்று கட்டளை கிடையாது. லேடெக்கில் டேவிட் கார்லைலின் ‘கலர்டிபிஎல்’ வரிக்கு நிறம் தந்தது; 2000களில் உவே கெர்னின் ‘எக்ஸ்கலர்’ அதைத் தானியங்கியாக்கியது. எந்த வரியில் தொடங்குவது, ஒற்றைக்கு என்ன நிறம், இரட்டைக்கு என்ன நிறம்: மூன்றைச் சொன்னால் போதும். அது எண்ணுவது வரிகளை; ஆட்களை அல்ல. இடையில் ஒரு வரி சேர்ந்தால் கீழே எல்லா நிறமும் புரண்டுவிடும். குடும்பப் பெயரை இரு வரிக்கும் பொதுவாக மேல்வரியில் வைத்தால், கீழ்வரியின் நிறம் அதன் பாதியை மறைத்துவிடும்.

கண் வழுக்காமல் இருக்கத்தான் நிழல். ஆனால் எதை ஓர் அலகாக எண்ணுகிறோம் என்பது நம் முடிவு; அதை நான் எடுக்கவே இல்லை, கட்டளை எடுத்துக்கொண்டது.

தானியங்கியை நிறுத்திவிட்டு, குடும்பம் விட்டுக் குடும்பம் கையாலேயே நிறம் கொடுத்தேன். அஞ்சு நிமிஷ வேலை. நண்பர் மறுபடி பார்த்தார்: “சரி, ஆம்பள மட்டும் ஏன் எப்பவும் மேல?”

பெயர்களை அகரவரிசையில் வைக்கலாமா, ‘குடும்பத் தலைவர்’ என்ற பத்தியையே எடுத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கூட்டிப் பெருக்கும் அந்தப் பெண்களிடமே முதலில் கேட்க வேண்டும்.