பப்பாளிப் பாலும் முதுகுத்தண்டும்

செம்பனைக் குலையைத் தூக்கும்போதோ பால் வாளியைச் சுமக்கும்போதோ இடுப்பில் பளிச்சென்று ஒரு வலி தோன்றி, தொடை வழியாகப் பாதம் வரை இறங்குவதுண்டு. முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் இப்படி வலிக்கும் என்பதை 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எடுத்துக்காட்டினார்கள். அதன்பின் முதுகைத் திறந்து, பிதுங்கிய பகுதியை அகற்றும் அறுவைச் சிகிச்சை பரவியது.

கத்தியில்லாமல் இதைச் செய்ய முடியாதா? அதற்கு ஒரு வழியைப் பப்பாளிக்காய் காட்டியது. இறைச்சி சீக்கிரம் வேக நாம் அதில் ஒரு துண்டு போடுகிறோம் அல்லவா? அந்தக் காயின் பாலில் உள்ள பப்பெய்ன் என்ற பொருளை முயல்களுக்கு ஊசியாகப் போட்டால், நிமிர்ந்த காதுகள் துவண்டு விழுகின்றன என்று 1956இல் லூயிஸ் தாமஸ் எழுதினார். காதின் குருத்தெலும்பை மெலிவிக்கும் பொருள், பிதுங்கிய வட்டையும் சுருக்காதா? லைமன் ஸ்மித் என்ற மருத்துவர் பப்பாளிப் பாலிலிருந்து பிரித்த கைமோபப்பெய்ன் மருந்தை 1963இல் நோயாளியின் வட்டுக்குள் செலுத்தினார். 1982இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது.

பலன் நிலைத்ததா? ஆஸ்திரேலியாவில் 60 நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு உப்புநீரும் செலுத்திப் பத்தாண்டுகள் கவனித்தார்கள். மருந்து பெற்றவர்களே அதிக நலமடைந்திருந்தார்கள். ஆனால் வேறிடங்களில் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும், வெகு சிலருக்குக் கால் முடக்கமும் ஏற்பட்டன. 2003இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது.

அறுவையின் கதை வேறு. நார்வே மருத்துவர் வெபர் 126 நோயாளிகளைக் கவனித்து, 1983இல் முடிவை வெளியிட்டார். ஓராண்டில் அறுவை செய்துகொண்டவர்களே முன்னே நின்றார்கள். பத்தாண்டில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். பிதுங்கிய வட்டு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது.

இன்று சிறு துளையிட்டு, உள்நோக்குக் கருவியால் செய்யும் சிகிச்சையும் உண்டு. எதுவானாலும், "வலி எப்போது நிற்கும்?" என்பதோடு, "பல ஆண்டுகள் கழித்து எப்படியிருக்கும்? ஆபத்து என்ன?" என்றும் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.