உத்தரிக்கிற ஸ்தலம்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

ஆண்டுதோறும் நவம்பர் இரண்டாம் நாளன்று மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள கத்தோலிக்கச் சேமக்காலைகளிலே கல்லறைகள் துப்புரவு செய்யப்பட்டு, மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டு, இறந்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. அவ்வூர்களிலேயே வாழும் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவரும் தம்முள் இறந்தோரை நன்றியோடு நினைவுகூருவர். ஆயின், இறந்தோரின் ஆன்ம ஈடேற்றத்துக்காக மன்றாடும் வழக்கம் அவர்தம் மரபிலே பொதுவாக இடம்பெறுவதில்லை. மோட்சமும் நரகமும் உண்டென்பதிலும், மரித்தோர் உயிர்த்தெழுவர் என்பதிலும் இரு சாராரும் உடன்படுவர். அங்ஙனமாயின், கல்லறையின் முன்னே அவர்கள் வேறுபட்டு நிற்பதற்குக் காரணம் யாது? உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய கொள்கையே அக்காரணமாகும்.

பாவப் பொறுப்புப் பெற்று இறந்தும் முற்றாகத் தூய்மையடையாத ஆன்மாக்கள், மோட்சம் புகுமுன் தம் குறைகளைப் பட்டுத் தீர்க்கும் நிலையினையே கத்தோலிக்கர் இப்பெயரால் வழங்குவர். ‘உத்தரித்தல்’ என்னுஞ் சொல்லிலே அனுபவித்தல், ஈடுசெய்தல் என்னும் இரு பொருள்களும் அமைந்திருத்தல் கருதத்தக்கது. இக்கொள்கையின் தோற்றம் குறித்து இருவகை விளக்கங்கள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளன. அப்போஸ்தலர் காலந்தொட்டே இது மாற்றமின்றி இருந்து வந்தது என்பது ஒன்று. பொருளாசை கொண்ட குருமார் இடைக்காலத்திலே புனைந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வரலாற்றுச் சான்றுகளுக்கு முற்றும் பொருந்துவனவல்ல. இறந்தோருக்காக மன்றாடும் வழக்கம் முதலிலே தோன்றியது. அவ்வழக்கத்துக்கு விளக்கமாகவே கொள்கை பையப்பைய உருப்பெற்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய எபிரேயர் மறுமையைப் பற்றி விரிவாகச் சிந்தித்தாரல்லர். பழைய ஏற்பாட்டின் முற்பட்ட பகுதிகளிலே நல்லோரும் தீயோரும் ஒருங்கே சென்றடையும் இருண்ட கீழுலகமாகிய ‘ஷியோல்’ மாத்திரமே பேசப்படுகின்றது. அங்கு தண்டனையுமில்லை, வெகுமதியுமில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே இந்நிலை மாறியது. நான்காம் அந்தியோக்கசு என்னும் கிரேக்க மன்னன் யூத சமயத்தை ஒடுக்க முற்பட்டபோது, சமய ஒழுக்கத்தைக் கைவிட மறுத்தோர் அதன் பொருட்டே கொல்லப்பட்டனர். அறவழி நின்றவன் இம்மையிலே வாழ்வு பெறுவான் என்ற பழைய நம்பிக்கையால் இம்மரணங்களுக்கு விடை கூற முடியவில்லை. இறைவன் நீதியுள்ளவனாயின் இறந்தோருக்கு ஒரு மறுவாழ்வு இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இச்சூழலிலேதான் வலுப்பெற்றது. ஏறக்குறைய கி.மு. 165ஆம் ஆண்டளவில் நிறைவுபெற்ற தானியேல் நூலிலே மரித்தோர் எழுவர் என்பது தெளிவாகக் கூறப்படுகின்றது. இயேசுவின் காலத்திலே பரிசேயர் இதனை ஏற்றனர்; சதுசேயர் மறுத்தனர்.

இக்காலப் போராட்டத்தினைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலிலே ஒரு நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. போரிலே மடிந்த யூத வீரர் சிலரின் ஆடைகளுள் விக்கிரகச் சின்னங்கள் காணப்பட்டன. அவர்கள் சமய விதியை மீறியவர்கள். எனினும் தம் மக்களுக்காக உயிர் நீத்தவர்கள். அவர்களை முற்றாகத் தள்ளவும் முடியவில்லை, குற்றமற்றவர் எனக் கொள்ளவும் முடியவில்லை. யூதா மக்கபே 2000 வெள்ளித் திராக்மா வரை திரட்டி, அவர்களுக்காகப் பாவ நிவாரணப் பலி செலுத்துமாறு எருசலேமுக்கு அனுப்பினான் என்கிறது அந்நூல். முற்றும் நல்லவரல்லாத, முற்றும் தீயவரல்லாத சாதாரண மனிதருக்கு யாது கதி என்னும் வினா இங்கு முதன்முறையாகத் தெளிவாக எழுகின்றது. பிற்காலத்திலே கத்தோலிக்கர் இப்பகுதியைத் தமக்குச் சான்றாகக் காட்டியதும், புரட்டஸ்தாந்தர் இந்நூலைத் தம் வேத நூற்றொகுதியிற் சேர்க்காது விட்டதும் நினைவுகொள்ளற்பாலன.

ஆதிக் கிறிஸ்தவரின் நோக்கு உலக முடிவினையும் உடலின் உயிர்த்தெழுதலையும் பற்றியதாகவே இருந்தது. கிறிஸ்து விரைவில் மீண்டும் வருவார் என எதிர்பார்த்தோருக்கு இறப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் பெரும் சிக்கலாகத் தோன்றவில்லை. அவ்வருகை தாமதிக்கத் தாமதிக்க, இறந்தோர் இப்பொழுது எந்நிலையிலுள்ளனர் என்ற கேள்வி கூர்மையடைந்தது. கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரிலே கொல்லப்பட்ட பெர்பெத்துவா என்னும் இளம்பெண்ணின் சிறைக் குறிப்புகள் இவ்வகையிலே முக்கியமானவை. ஏழு வயதிலே முகத்திற் புற்றுக் கண்டு இறந்த தன் தம்பி தினோக்கிராத்தஸ் இருண்டதோர் இடத்தினின்று தாகத்தோடு வருவதையும், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அவனுக்கு எட்டாதிருப்பதையும் அவள் காட்சியிற் காண்கின்றாள். நாள்தோறும் அழுது மன்றாடுகின்றாள். பின்னர் வந்த காட்சியிலே விளிம்பு தாழ்ந்திருக்கின்றது. அவன் நீரருந்திச் சிறு பிள்ளையைப் போல விளையாடுகின்றான். இங்கு ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்ற பெயருமில்லை, கொள்கையுமில்லை. தம்பிக்கு ஏதேனும் செய்தல் வேண்டும் என்ற தமக்கையின் தவிப்பும், செய்ய முடியும் என்ற நம்பிக்கையுமே உள்ளன.

இறையியலாளர் இந்நம்பிக்கையைப் பின்தொடர்ந்தே வந்தனர். மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிஜென், தண்டனை யாவும் ஈற்றிலே திருத்தமாகவே முடியும் எனக் கருதினார். ஆறாம் நூற்றாண்டிலே அக்கருத்துக் கண்டிக்கப்பட்டது. புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா 387இல் ஒஸ்தியாத் துறைமுக நகரிலே இறக்குந் தறுவாயில், பலிபீடத்திலே தன்னை நினைவுகூரும்படி மாத்திரம் வேண்டிக்கொண்டார். அகுஸ்தீன் இவ்வழக்கத்தை ஏற்றார். ஆயினும், மிக நல்லோருக்கு அது தேவைப்படாது, மிகத் தீயோருக்கு அது பயன்படாது, இடைப்பட்டோருக்கே உதவும் என வரையறுத்தார். 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த பெரிய கிரகோரியார், மூன்று பொற்காசுகளை மறைத்துவைத்திருந்த துறவியொருவர் முப்பது நாட் பூசைகளால் வேதனை நீங்கிய கதையை எழுதினார். பதினொராம் நூற்றாண்டளவிலே குளூனி மடத்தின் தலைவர் ஒதிலோ, நவம்பர் இரண்டாம் நாளை இறந்தோர் யாவருக்குமுரிய நினைவு நாளாகத் தம் மடங்களில் நிலைபெறச் செய்தார். நம் நாட்டுச் சேமக்காலைகளில் இன்றும் ஏற்றப்படும் மெழுகுதிரிகளின் மூலத்தை அங்கு காணலாம்.

இக்கொள்கை திட்டவட்டமான பெயர்பெற்ற காலம் குறித்துப் பிரான்சிய வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் 1981இல் வெளியிட்ட நூல் பெரும் விவாதத்தை எழுப்பியது. தூய்மை செய்யும் நெருப்பு எனப் பெயரடையாக வழங்கிய இலத்தீன் சொல், 1170க்கும் 1180க்கும் இடைப்பட்ட காலத்திலேயே ஓரிடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகியது என்பது அவர் வாதம். நகரங்களும் வணிகமும் வளர்ந்து, பிரபுவுக்கும் குடியானவனுக்கும் இடையே புதியதொரு நடுத்தர வகுப்பு எழுந்த காலம் அது. மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடையே மூன்றாவது இடமொன்று தோன்றியமைக்கும் இச்சமூக மாற்றத்துக்கும் தொடர்புண்டு என அவர் கருதினார். அவருடைய முடிபுகளை மறுத்தோர் பலர். 731இல் நிறைவெய்திய பீட் என்பாரின் இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றிலேயே, இறந்து மீண்ட திரித்தெல்ம் என்பவர் கண்ட இடைநிலைத் துன்பவிடம் விவரிக்கப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். சொல் பிறந்த காலமும் கருத்துப் பிறந்த காலமும் ஒன்றல்ல என்ற அக்கண்டனம் ஏற்கத்தக்கதே. எனினும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் பின் இக்கருத்துப் பெற்ற தெளிவும் பரவலும் முன்னர் இருந்திலது என்பதும் உண்மையாகும்.

அக்காலச் சமூகத்தில் இக்கொள்கை யாது செய்தது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி சீசேரியஸ் கூறும் கதையொன்று விளக்கும். வட்டித் தொழில் செய்து வந்த லியேஜ் நகரத்தான் ஒருவன் இறந்தான். திருச்சபையின் கண்டிப்பான விதிப்படி அவன் நரகத்துக்குரியவன். அவன் மனைவியோ கல்லறையருகே குடியிருந்து, நோன்பும் தானமும் செபமுமாக நாட்களைக் கழித்தாள். ஏழாண்டு கழிந்தபின் அவன் கறுப்புடையிலே தோன்றினான். மேலும் ஏழாண்டு கழிந்தபின் வெள்ளுடையிலே தோன்றி நன்றி கூறினான். சட்டம் கைவிட்டவனை அன்பு கைவிடவில்லை என்பதே இதன் உட்பொருள். 1274இல் லியோன் நகரிலும் 1439இல் புளோரன்ஸ் நகரிலும் கூடிய சங்கங்கள் தூய்மை செய்யும் தண்டனைகளையும், உயிருள்ளோரின் மன்றாட்டால் அவை தணிவதையும் உறுதிசெய்தன. கீழைத்திருச்சபையினர் இறந்தோருக்காக மன்றாடுவதிலே பின்னிற்காதவர். எனினும், தூய்மை செய்யும் நெருப்பு என்னும் கருத்தைப் புளோரன்சிலே அவர்கள் எதிர்த்தமை, வழக்கமும் கொள்கையும் வேறாதற்குச் சிறந்த சான்றாகும். தாந்தே தமது காவியத்திலே இவ்விடத்தை வானளாவிய மலையாக உருவகித்து, அங்குள்ளோரை நம்பிக்கையுடையோராகக் காட்டினார்.

அன்பின் கடமையாகத் தோன்றியது கணக்கின் கடமையாக மாறியபோதே கேடு சூழ்ந்தது. எத்தனை பூசை, எத்தனை நாட் குறைப்பு என்ற எண்ணிக்கை பெருகியது. 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் பலன்களை இறந்தோர்க்கும் ஒப்புக்கொடுக்கலாம் என அறிவித்தார். ஜேர்மனியின் மைன்ஸ் பேராயர் அல்பிரெக்ட் தமது பதவிக்காக ஃபுக்கர் வங்கியாரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். உரோமையிலே புனித பேதுரு பேராலயம் எழும்பிக்கொண்டிருந்தது. இவ்விரண்டு தேவைகளுக்குமாகப் பலன் சீட்டுகள் விற்கப்பட்டன. யோகான் ரெட்சல் என்னும் துறவி அவ்விற்பனையை முன்னின்று நடத்தினார். 1517 ஒக்டோபர் 31இல் மாட்டின் லூதர் தம் 95 கூற்றுகளை அப்பேராயருக்கு அனுப்பியதற்கு உடனடிக் காரணம் இதுவே. லூதர் அப்பொழுது உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தாரல்லர்; பாப்பரசர் பணமின்றி அன்பினாலேயே ஆன்மாக்களை விடுவிக்கலாகாதோ என்ற மக்களின் வினாவையே எடுத்துக்காட்டினார். 1530இலேயே அக்கொள்கையை அவர் முற்றாகக் கைவிட்டு எழுதினார். குருமார் புனைந்தது என்ற விளக்கம் இவ்விற்பனையைக் கண்டு எழுந்ததாகும். பெர்பெத்துவாவின் கண்ணீருக்கு அது பொருந்தாது.

இங்கிலாந்திலே இம்மாற்றம் சட்டத்தின் வாயிலாக நிகழ்ந்தது. இறந்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கவென நிலமும் பொருளும் எழுதிவைக்கப்பட்ட கட்டளைகள் அந்நாட்டிலே பலவாக இருந்தன. 1547இல் நிறைவேறிய சட்டம், உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனையை மூடநம்பிக்கை எனக் கண்டித்து, அச்சொத்துகளை முடிக்குரியனவாக்கியது. இதனினும் ஆழமான மாற்றத்தை அடக்கச் சடங்கிற் காணலாம். 1549ஆம் ஆண்டு வழிபாட்டு நூலிலே குருவானவர் இறந்தவரையே முன்னிலைப்படுத்தி, அவர் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படைத்தார். 1552ஆம் ஆண்டு நூலிலே அவர் சூழநின்றோரை நோக்கிப் பேசினார், இறந்தவர் படர்க்கையாகிவிட்டார். மூன்றாண்டு இடைவெளியிலே இறந்தோர் சமூகத்தினின்றும் விலக்கப்பட்டனர் என வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 1992இல் வெளியிட்ட நூலிலே காட்டியுள்ளார். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் ஷேக்ஸ்பியர் எழுதிய ஹம்லெற் நாடகத்திலே, தூய்மை செய்யும் நெருப்பினின்றும் வருவதாகக் கூறும் தந்தையின் ஆவி தன்னை மறவாதிருக்குமாறு மகனிடம் கேட்கின்றது. அத்தந்தைக்காகப் பூசை செய்விக்க மகனுக்கு வழியில்லாத நாட்டிலேயே அந்நாடகம் மேடையேறியது.

திரெந்துச் சங்கம் 1563இல் கொள்கையை மீளவும் உறுதிசெய்தது. அதேவேளை ஆதாயம் தேடுதலையும், மக்களின் ஆர்வத்தைக் கிளறும் நுணுக்க விவாதங்களையும் விலக்குமாறு ஆயர்களைப் பணித்தது. இவ்வாறு பிளவுபட்ட இரு மரபுகளும் கடல் கடந்து நம் நாட்டையும் அடைந்தன. போர்த்துக்கேயரோடு வந்த கத்தோலிக்கம் வட பகுதியிலே வேரூன்றிய பின், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் தமது சீர்திருத்தத் திருச்சபையை நிலைநாட்டிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளும் அவர்பின் வந்தோரும் மறைவாக நிறைவேற்றிய பூசைகளிலே இறந்தோர் நினைவும் அடங்கியிருந்தது.

சட்டத்தினால் விலக்கப்பட்ட தேவை மறைந்துவிடவில்லை. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதலாம் உலகப் போரிலே இலட்சக்கணக்கான இளைஞர் தாயகந் திரும்பாது மடிந்தனர். பலருக்குக் கல்லறை தானுமில்லை. அவர்கள் புனிதருமல்லர், பாதகருமல்லர். மக்கபேயர் காலத்து வீரரின் நிலையே அவர்கள் நிலையும். 1917இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட வழிபாட்டு முறைகளிலே இறந்தோருக்கான வேண்டுதல் இடம்பெற்றது. கத்தோலிக்கத் தரப்பிலும் விளக்கம் மாறியது. உத்தரிக்கிற ஸ்தலம் ஓரிடமன்று, ஒரு நிலை என 1999இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் விளக்கினார். நெருப்பு என்பது கிறிஸ்துவை எதிர்கொள்ளும் அனுபவமே என்னும் இறையியலாளர் சிலரின் கருத்தை 2007இல் பதினாறாம் பெனடிக்ட் எடுத்தாண்டார்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். மறுமை பற்றிய நம்பிக்கைகளின் வரலாறு இறந்தோரின் வரலாறன்று; உயிருள்ளோர் தமக்குள்ள கடமையை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதன் வரலாறே அது. உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா, இல்லையா என்பது வரலாற்று மாணவன் தீர்க்கக்கூடிய வழக்கன்று. ஆயின், அந்நம்பிக்கையை வெறும் ஏமாற்று என ஒதுக்குவோர், லியேஜ் நகரத்து விதவை பதினான்கு ஆண்டுகள் கல்லறையருகே காத்திருந்தமைக்கு விடை கூறல் வேண்டும். அதனை மாறா உண்மை எனக் கொள்வோர், அவ்விதவையின் காத்திருப்பு ரெட்சலின் கையிலே விலைச்சீட்டாக மாறியது எங்ஙனம் என்பதற்கு விடை கூறல் வேண்டும். இரு வினாக்களையும் ஒருங்கே எதிர்கொள்பவனுக்கே நவம்பர் மாதத்துச் சேமக்காலையின் மெழுகுதிரி தன் முழு வரலாற்றையும் காட்டும்.