ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறோம், அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் மூன்று ஆம்ப்ளிஃபையர் பெயர்களை அனுப்பி, "ஒண்ணைச் சொல்லும்மா, வாங்கிடலாம்" என்கிறான். ஜப்பானின் லக்ஸ்மேன் எல்-550ஏஎக்ஸ் மார்க் 2, அதே ஜப்பானின் யமஹா ஏ-எஸ்3200, நார்வேயின் ஹெகல் எச்390. எல்லாமே லட்சங்களில். அவன் அப்பா விட்டுப்போன சுமார் 300 எல்.பி. ரெக்கார்டுகள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. அவை மறுபடி பாட வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு.

உங்களில் பலருக்கு 'இன்டக்ரேட்டட்' என்ற சொல் புதிதாக இருக்கும். சின்ன மின்சைகையை வாங்கி, எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம் என்று ஒழுங்குபடுத்துவது ப்ரீ-ஆம்ப். ஸ்பீக்கரைத் தள்ளும் அளவுக்கு அதற்கு வலு கொடுப்பது பவர் ஆம்ப். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் இன்டக்ரேட்டட். நம் வீடுகளில் 'ஆம்பு' என்று சொன்னதெல்லாம் இதுதான்.

இதைத் 'தேர்ந்தெடுக்கிற' வழக்கம் மெட்ராஸில் வெகுநாள் கிடையாது. சரக்கு வராது. ஆனால் வரைபடம் வந்தது! 1947-ல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வில்லியம்சன் என்பவர் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் சர்க்யூட்டை வெளியிட்டார். உலகம் முழுக்க ஆர்வக்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களே கட்டினார்கள். 1954-ல் மல்லார்ட் கம்பெனி '5-10' என்ற சர்க்யூட்டைக் கொடுத்தது. 5 வால்வு, 10 வாட். இங்கேயும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் வால்வு செய்ய ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக்காரர் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தவர். 1958-ல் தொடங்கிய பேட்டை அது. அதை ஒட்டி ஈக்காட்டுத்தாங்கல் சந்துகளில் லேத் பட்டறைகளும், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர்களும் நிறைய. 1981-ல் கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது, அவர் கட்டிய '5-10' கூடத்தில் சுடச்சுட எரிந்துகொண்டிருந்தது. என் மாமியார் அதன்மேல் அப்பளம் காயவைக்கப் பார்த்து சண்டை வந்ததுண்டு.

அது மோனோ, ஒரே சேனல். 1978-ல் 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி வந்த பிறகு, இளையராஜாவை இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கேட்க எல்லோருக்கும் ஆசை. இரண்டு சேனல் என்றால் இரண்டு ஆம்ப் வேண்டும். வால்வில் கட்டினால் செலவு, சூடு எல்லாம் இரட்டிப்பு. எனவே டிரான்சிஸ்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 2என்3055 என்று கேட்டால் கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துப் போடுவானாம். பிறகு சான்யோவின் எஸ்டிகே ஐசிகள் வந்தன. எண்பதுகளில் கேசட் ரெக்கார்டிங் கடை, டீக்கடை, கல்யாண வீடு என்று நீங்கள் கேட்ட 'அசெம்பிள்டு செட்'களில் பலவற்றின் வயிற்றில் இவைதான் இருந்தன.

பணக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது, பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக பீச் ஸ்டேஷன் எதிரே உருவான கடைவரிசை. 1991-க்கு முன் வெளிநாட்டு செட்டை நேர்வழியில் இறக்குமதி செய்வது சாமானியர் காரியமில்லை. எது வந்ததோ அதை வாங்கினார்கள். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த செட் 100 வோல்ட், நம் வீட்டு மின்சாரம் 230. என் நாத்தனார் வீட்டில் ஸ்டெப்-டவுன் இல்லாமல் செருகி, முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் புகை வந்தது. அதே காலத்தில் லண்டனில், 1978-ல் வந்த என்ஏடி 3020 என்ற 20 வாட் செட்டை சம்பளக்காரர்கள் சாதாரணமாகக் கடையில் கேட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இன்றைய மூன்றுக்கு வருவோம். லக்ஸ்மேன் 20 வாட், யமஹா 100, ஹெகல் 250. "250 தான் பெருசு டீச்சர்" என்று எழுதப்போகிற பையன் யாரென்று எனக்குத் தெரியும்! கரும்பலகைக் கணக்கு ஒன்று. வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் எங்களுடையது. 20 வாட்டில் 100 டெசிபல், 250 வாட்டில் 111. எங்கள் சின்னக் கூடத்தில் நான் கேட்கும் சத்தத்துக்கு 1 வாட்டே மிச்சம். ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் கீழே இறங்கி மின்னோட்டத்தை உறிஞ்சும் ரகமாக இருந்தால் ஹெகல் மாதிரி வலு நியாயம். எங்களுடையது சாதுவான 8 ஓம்.

அடுத்து, லக்ஸ்மேன் கிளாஸ் ஏ. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நூறு வாட்டுக்கு மேல் இழுத்துச் சூடாக வெளியே விடும். சத்தம் அவ்வளவு இனிமை என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அதன் பக்கத்தில் உட்கார ஃபேனைப் பெரிதாக வைத்தால் வீணையின் கமகம் எங்கே கேட்கும்? ஹெகலில் ரெக்கார்டு பிளேயருக்கான போனோ உள்ளீடு இல்லை. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட், சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட். தவிர ரெக்கார்டில் கீழ்ஸ்வரத்தைக் குறைத்து, மேல்ஸ்வரத்தைத் தூக்கிச் செதுக்கியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்ய போனோ பகுதி வேண்டும், இல்லையேல் இன்னொரு பெட்டி. பாஸ், ட்ரெபிள் திருகும் அதில் இல்லை. அறுபதைத் தாண்டிய காதுக்கு மேல்ஸ்வரம் மங்கத்தான் செய்யும், எனக்கு ட்ரெபிள் திருகு வேண்டும். சுத்தத்துக்கு அது விரோதம் என்று சொல்பவர்கள் என் வயதுக்கு வந்து பேசட்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி வேறு. 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. அன்று இரவு மாடிக்குத் தூக்க முடிந்தது ரெக்கார்டுகளை மட்டும். அவர் கட்டிய டிரான்சிஸ்டர் ஆம்பு இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. வடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மாடியில் வெயிலில் காயவைத்து, கெப்பாசிட்டர்களை மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரைப் பக்கத்துச் சந்தில் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பாடியது. மூடியின் உட்பக்கம் அவர் கையால் வரைந்த சர்க்யூட் ஒட்டியிருந்ததால் முடிந்த காரியம்.

இன்று லட்சம் லட்சமாய் விற்கிற பெட்டியில் கெட்டுப்போனது ஒரு ரிலேயா, புரோகிராம் எழுதிய சில்லா என்று கம்பெனி ஆளுக்குத்தான் தெரியும். மகனிடம் யமஹா என்று சொல்லிவிட்டேன். போனோ உண்டு, திருகுகள் உண்டு, சூடு குறைவு. 25 கிலோ எடை இருக்கிறது, அதனால் வைப்பது மாடி அறையில். சிங்கப்பூரிலிருந்து தூக்கி வரக் கூடாது, சென்னையில் பில் போட்டு, இங்கே வாரன்டி எழுத்தில் கொடுத்தால்தான் பணம் என்றும் சொல்லியிருக்கிறேன். முணுமுணுக்கிறான்.

அவர் போய் மூன்று வருடமாகிறது. அந்தப் பழைய ஆம்பில் இப்போது இடது பக்கம் பேசுவதில்லை, 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் மட்டும். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பழைய டிரான்சிஸ்டர் செட் பார்க்கிற மெக்கானிக் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். சர்க்யூட் மூடியிலேயே இருக்கிறது, கொஞ்சம் வெள்ளக்கறை, ஆனால் படிக்க முடியும்.